வேன் நம்முடையது, ஸ்டீயரிங் மாட்யூலின் பூட்டு யாருடையது?

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுபவர் ஒரு மின்சார வேன் வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரண்டி முடிந்துவிட்டது. போன மாதம் ஒருநாள் காலை வண்டியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் ஸ்டீயரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் மஞ்சளாக எரிந்தன. சார்ஜ் 90 சதவீதம் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. ஸ்டீயரிங் மட்டும் கல் மாதிரி ஆகிவிட்டது. "லோடோட ஒரு யூ-டர்ன் போடுறதுக்குள்ள தோள்பட்டையே கழண்டுடுச்சு சார்" என்றார்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு, பார்ட் வர மூணு வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். தினசரி ஓடினால்தான் இஎம்ஐ கட்ட முடியும் என்கிற நிலையில் இருக்கும் மனிதர் அவர். நேராகப் புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வேனில் இருந்து கழற்றிய மாட்யூலை வாங்கி வந்தார். தெரிந்த மெக்கானிக் மாட்டினார். போல்ட் சேர்ந்தது, கனெக்டர் சேர்ந்தது. சாவியைத் திருப்பினால் அதே மஞ்சள் விளக்கு, அதே கல் ஸ்டீயரிங். அந்தப் பெட்டி இன்னும் பழைய வண்டியின் சேஸிஸ் நம்பரைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதை மாற்றி எழுதும் சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. "வெளியில வாங்கின பழைய பார்ட்டுக்கு நாங்க கோடிங் போட மாட்டோம்" என்பது அங்கே கிடைத்த பதில்.

இருபத்திரண்டு நாள் வண்டி நின்றது. காசு கொடுத்து வாங்கிய பொருளை ரிப்பேர் செய்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

பழைய டீசல் வேன்களில் பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில்தான். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வழியாக ஒரு பம்ப் சுற்றும். அந்த ஆயில் அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். மின்சார வேனில் சும்மா நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் கிடையாது. அதனால் சிறிய வேன்களில் ஸ்டீயரிங்குக்கு என்றே தனியாக ஒரு மின் மோட்டார் வைக்கிறார்கள்.

ஸ்டீயரிங் தண்டுக்கு நடுவில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது துளியளவு முறுக்கும். எவ்வளவு முறுக்குகிறது என்பதை டார்க் சென்சார் அளந்து மாட்யூலுக்குச் சொல்கிறது. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்ற தகவல் கேன் பஸ் என்கிற உள் நெட்வொர்க் வழியாக வருகிறது. இரண்டையும் வைத்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் கொடுக்கலாம் என்று மாட்யூல் முடிவு செய்கிறது. பார்க்கிங்கில் நிறைய, ஹைவேயில் கொஞ்சம். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்தக் கணக்கு நடக்கிறது.

சென்சாரில் இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட சிக்னல்கள் வரும். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் மாட்யூல் ரிஸ்க் எடுக்காது, உதவியை நிறுத்திவிடும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு அப்படியே இருப்பதால் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் முழு பலமும் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். லோடு ஏற்றிய வேனில், டிராஃபிக் நடுவில், திடீரென்று இப்படி ஆனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாட்யூல்தான் குற்றவாளியா?

பல நேரம் இல்லை. மின்சார வண்டியில் பெரிய பேட்டரியைத் தவிர 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் இருக்கிறது என்பது ஓட்டுபவர்கள் பலருக்கே தெரியாது. ஸ்டீயரிங் மோட்டார் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் லைனில்தான் ஓடுகிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது அது பல பத்து ஆம்பியர் இழுக்கும். சின்ன பேட்டரி வீக்காக இருந்தாலோ, எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தாலோ, பெரிய பேட்டரியில் இருந்து 12 வோல்ட் தயாரிக்கும் கன்வெர்ட்டர் சொதப்பினாலோ வோல்டேஜ் விழும், மாட்யூல் கோபித்துக்கொண்டு விளக்கைப் போடும். ஸ்கேனரில் 'யு0131' என்று வந்தால் அதற்கு அர்த்தம், பவர் ஸ்டீயரிங் மாட்யூலுடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான். மாட்யூல் செத்துவிட்டது என்று அந்த கோட் சொல்லவில்லை. ஃபியூஸ், வயர், கனெக்டர் எதுவாகவும் இருக்கலாம்.

எரர் கோடைப் பார்த்தவுடன் "பார்ட்டை மாத்தணும்" என்று சொல்பவரிடம், சப்ளை வோல்டேஜை லோடில் அளந்து பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு கேள்விதான், பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

நம் தண்ணீர் கேன்காரர் விஷயத்தில் மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துவிட்டார். மாட்யூல் நிஜமாகவே போயிருந்தது.

மாற்றுவது சுலபம், பழக்குவதுதான் கஷ்டம்

கழற்றி மாட்டுவது அரைநாள் வேலை. மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் வகை என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங் வீலையும் ஏர்பேக்கையும் கழற்ற வேண்டும். அதற்கு முன் 12 வோல்ட் பேட்டரியைத் துண்டித்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கலாம். வீலைக் கழற்றிய பிறகு கிளாக் ஸ்பிரிங்கைக் கைதவறிச் சுற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரிப்பன் வயர் அறுந்து அடுத்த செலவு வரும். ஆரஞ்சு நிற ஹை-வோல்டேஜ் கேபிள்கள் பக்கம் பயிற்சி இல்லாதவர் கை வைக்கவே கூடாது.

இதற்குப் பிறகு சாஃப்ட்வேர் வேலை. வண்டியின் சேஸிஸ் நம்பரை மாட்யூலில் எழுத வேண்டும். எந்த டயர், எந்த லோடு வகை என்ற விவரத்தை ஏற்ற வேண்டும். சக்கரம் நேராக இருக்கும் நிலையில் ஸ்டீயரிங் கோணம் பூஜ்ஜியம் என்று சொல்லித்தர வேண்டும். டார்க் சென்சாருக்குப் பூஜ்ஜியம் வைக்கும்போது ஸ்டீயரிங்கில் யார் கையும் இருக்கக் கூடாது. கை பட்டிருந்தால் அந்த அழுத்தத்தையே பூஜ்ஜியம் என்று அது கற்றுக்கொள்ளும், அப்புறம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி வசதி உள்ள மாடல் என்றால், தப்பான கோணத்தை நம்பி அதுவும் தப்பாகப் பிரேக் போடலாம்.

நிறுவனங்களின் வாதம் இங்கேதான் நிற்கிறது: "இது உயிர் சம்பந்தப்பட்ட பாகம், கண்டவர் கையில் கொடுக்க முடியாது." இந்த வாதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 3.76 லட்சம் கார்களை ரீகால் செய்தது. ஸ்டீயரிங் உதவியைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டு அதிக வோல்டேஜில் பாதிக்கப்பட்டு, வண்டி நின்று கிளம்பும்போது பவர் ஸ்டீயரிங் போய்விடலாம் என்பது காரணம். தயாரித்த நிறுவனமே சறுக்குகிற இடம் இது. யூடியூப் பார்த்து செய்கிற வேலை அல்ல.

ஆனால் அக்கறை பாதுகாப்பின் மேல்தான் என்றால், பயிற்சி பெற்ற வெளி மெக்கானிக்குக்கு அந்த சாஃப்ட்வேரையும் முறையையும் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாமே. கொடுக்காததால் என்ன நடக்கிறது? எங்கிருந்தோ வந்த கிராக் சாஃப்ட்வேரை வைத்து, கேலிபரேஷன் செய்யாமல், விளக்கை மட்டும் அணைத்து அனுப்புகிறார்கள். பூட்டு போட்டதால் ரோடு பாதுகாப்பாக ஆகிவிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018/858 என்ற விதி, ரிப்பேர் தகவல்களை வெளி கேரேஜ்களுக்கும் நியாயமான கட்டணத்தில் தர வேண்டும் என்கிறது. திருட்டுத் தடுப்பு சம்பந்தப்பட்ட கோடிங்குக்குக்கூட, பின்னணி சரிபார்க்கப்பட்ட மெக்கானிக்குகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 2012-லேயே வாகன ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது.

நம் ஊரில் இந்தப் பேச்சு புதிதல்ல. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிச்சந்தையில் விடாமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் இழுத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் நிறுவனம் விரும்பினால் தகவல் போடும் இணையதளம் வேறு, போட்டே ஆக வேண்டும் என்கிற சட்டம் வேறு. மின்சார வண்டிகளுக்கு மானியம் கொடுக்கும் அரசு, மானியத்தோடு இந்த ஒரு நிபந்தனையையும் சேர்த்தால் போதும்: வாரண்டி முடிந்த வண்டியின் மாட்யூலை, பழையதோ புதியதோ, பரிசோதித்து கோடிங் செய்துகொடுக்க நிறுவனம் மறுக்கக் கூடாது.

அதுவரை கையில் இருக்கும் வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று அதில் இருப்பதைக் காட்டி, வேன்காரர்களைப் பலர் பயமுறுத்துவார்கள். அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் அந்தக் கணக்கில் வராது. ஒரே வேனை வைத்து தானே ஓட்டிப் பிழைப்பவர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற உதவி எண். அங்கே வேலைக்கு ஆகவில்லை என்றால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கோடிங் போட மாட்டோம் என்று சொன்னதை வாய்மொழியாக விடாமல், ஜாப் கார்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.