துடுப்புக்கு முன்னாடி பாடக் கணக்கு

இங்க அமெரிக்காவுல என் பொண்ணு ஸ்கூல் டீம்ல துடுப்புப் படகு ஓட்டுறா. காலேஜ் கோச்சுங்க மெஷின்ல 2000 மீட்டர் நேரத்தைத்தான் பார்ப்பாங்கன்னு நினைச்சு, என்சிஏஏ தகுதி மையத்துல பதியறதை 12-ம் வகுப்பு வரைக்கும் தள்ளிப்போட்டேன். முட்டாள்தனம்ங்க.

டிவிஷன் 1-க்கு 16 கோர் பாடம் வேணும். அதுல 10 பாடம் 12-ம் வகுப்பு தொடங்குறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். அந்தப் பத்துல 7, ஆங்கிலம், கணக்கு, அறிவியல்ல. எண்ணிப் பார்த்தா அவளுக்கு 9. ஒரு பாடம் அங்கீகாரப் பட்டியல்லயே இல்லையாம்! இனிமே ஸ்காலர்ஷிப் கிடைச்சாலும் முதல் வருஷம் போட்டிப் படகுல ஏற முடியாது. (பசங்க கதை வேற, அவங்க துடுப்பு என்சிஏஏ போட்டியே இல்ல.)

விதியைக் குறை சொல்லலை. ப்ரொஃபைல் கணக்கு இலவசம், 9-ம் வகுப்புலயே திறக்கலாம். இதை ஸ்கூல்ல ஒருத்தராவது அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?