முதற்காதம் எவ்வழி?

புரட்டாசி பிறந்துவிட்டால், வாலாஜாபாத்தைச் சூழ்ந்த பாலாற்றங்கரை ஊர்களிலிருந்தும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்து குடியேறியவர்களின் தெருக்களிலிருந்தும், மஞ்சள் உடுத்தித் துளசிமாலை தரித்துத் திருப்பதிக்குக் கால்நடையாகப் புறப்படுகிறவர்கள் பலர். விரதம் எத்தனை நாள், குழுவுக்குக் குருசாமி யார், அன்னதானம் எங்கெங்கே, திருத்தணியில் தங்குவது என்றைக்கு, அலிபிரியில் படியேறுவது எந்த வேளையில் என்பனவற்றையெல்லாம் கூடிப்பேசி நிச்சயித்துக்கொள்ளும் இந்த பக்தர்கள், ஊரை விட்டு எந்தப் பாதையாக வெளியேறுவது என்ற ஒன்றை மட்டும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பஸ் எந்த வழியில் போகிறதோ, அதுவே தங்களுக்கும் வழி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். ஏறக்குறைய 125 கிலோமீட்டர் நடக்கவேண்டிய யாத்திரையில் மற்றெல்லா நாட்களையும்விட முதல் நாளின் வழியைத்தான் மிகுந்த சிரத்தையோடு தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

காரணம் தேகத்தைப் பற்றியது, மனத்தையும் பற்றியது. வருஷம் முழுவதும் இயந்திரத்தின் முன் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்றோ, மேஜைக்கு முன் உட்கார்ந்தோ வேலை செய்து பழகிய கால்கள், திடீரென்று ஒருநாள் செருப்பில்லாமல் தார்ச்சாலையில் இறங்கினால், உச்சிவேளைக்குள் உள்ளங்கால் கொப்புளித்துவிடுகிறது. முதல் நாள் கொப்புளம் ஆறுவதற்கு மறுநாள் நடையும் அதற்கு மறுநாள் நடையும் இடங்கொடுப்பதில்லை. மண் இருக்கிற இடத்தில் மண்ணிலும், நிழல் இருக்கிற இடத்தில் நிழலிலும் முதல் நாளைக் கழித்தவனுக்கோ, மூன்றாம் நாள் தாரும் வெயிலும் வந்தாலும் அவற்றைத் தாங்கும் பக்குவம் காலுக்குள் மெல்ல ஏறியிருக்கும். மனத்தின் விஷயமும் இதுவே: வீட்டையும் வேலையையும் கடனையும் விட்டுப் புறப்பட்டவனுடைய உள்ளம் அவற்றை உதறித் தனியே நிற்பதற்கு ஒரு பகல் வேண்டும், அந்தப் பகல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறிக்கொண்டிருந்தால், கோவிந்த நாமம் வாயில் இருக்குமே தவிர நெஞ்சில் இறங்காது.

வாலாஜாபாத்திலிருந்து வடக்கே போகிறவனுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வண்டலூர்ச் சாலையில் ஒரகடம் சென்று அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரை அடைவது. 1017-ஆம் ஆண்டு இராமாநுஜர் அவதரித்த தலத்தைச் சேவித்துவிட்டு வேங்கடம் நோக்கிச் செல்வதில் பக்திபாவம் நிறைந்த பொருத்தம் இருப்பதால், இந்த வழியை விரும்புகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பூந்தமல்லியிலிருந்து காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்துக்காகத் திருக்கச்சி நம்பிகள் போய்வந்த வழியும் ஸ்ரீபெரும்புதூர் வழியே என்பது குருபரம்பரைச் செய்தி. இளம் இராமாநுஜர் அவரைத் தம் வீட்டில் உபசரித்ததும் அந்த நடையின் இடையிலேதான். ஆனால் நம்பிகள் நடந்த வழியில் இன்று பெங்களூர் நெடுஞ்சாலை கிடக்கிறது. ஒரகடத்துச் சாலையிலோ கார்களை அடுக்கிய டிரெய்லர்களும், கன்டெய்னர் லாரிகளும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களும், ஷிப்ட் மாறும் விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாக விரையும் கம்பெனி பஸ்களும், நடப்பவனுக்கென்று ஒரு முழ இடத்தையும் மிச்சம் வைப்பதில்லை. வெயிலுக்கு அஞ்சி இருட்டிலே நடக்கலாம் என்றால் அபாயம் இரட்டிக்கிறது. பாதயாத்திரை செல்வோரின் பைகளில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் நிலைமை எதனால் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வழி மேற்கே ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை கடந்து காஞ்சிபுரம் சேர்ந்து, அரக்கோணம், திருத்தணி என்று போவது. பெரும்பாலோர் தேர்வது இதையே. தறி ஓசை பழகிய இந்த ஊர்களின் வழிக்கு ஒரு தனிப் பெருமையும் இருக்கிறது: தைப்பொங்கல் இரவில் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் புறப்பட்டு, இந்த ஊர்களில் மண்டகப்படி கண்டு, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் எழுந்தருளி, மலைமேல் லக்ஷ்மி நரசிம்மரின் சந்நிதியை அடைந்து, பின்னர் பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற திருமுக்கூடலில் சுற்றுவட்டாரத்துப் பெருமாள்களோடு சேர்ந்து காட்சி தருகிறார். வழி வகுப்பதில் நம் முன்னோருடைய நுண்ணறிவை அறிய விரும்புகிறவன் இந்த உற்சவத்தைக் கவனிக்க வேண்டும். இரவின் குளிர்ச்சியில் நடை. சில நாழிகைக்கொருமுறை மண்டபமோ பந்தலோ. ஓய்வும் பிரசாதமும் உபசாரமும். நடையின் முடிவில் குன்றும் ஆற்று மணலும். சுவாமிக்கென்று வகுத்த இந்த ஏற்பாட்டினால் அவரைச் சுமந்து செல்லும் சீர்பாதந்தாங்கிகளும் பின்தொடரும் ஜனங்களும் தங்கள் சிரமத்தை உணராமலே இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிடுகிறார்கள். ஆயினும் அந்த ஒரு நாளைக்கு அச்சாலை பெருமாளுடையது. புரட்டாசியின் சாதாரண நாளில் அது செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பறக்கிற வாகனங்களுடையது.

மூன்றாவது வழியே நான் சிபாரிசு செய்வது. ஊரிலிருந்து வடக்கு நோக்கி, தென்னேரி வழியாகச் சுங்குவார்சத்திரம் சென்று, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒரே ஒரு தடவை குறுக்கே கடந்து, மப்பேடு, பேரம்பாக்கம் பக்கமாகத் திருவாலங்காடு, அங்கிருந்து திருத்தணி என்று போவது. காஞ்சி வழியைவிட இது சற்று நீளமே. இந்தச் சாலையிலும் லாரி இல்லாமல் இல்லை. ஆனால் தென்னேரி இருக்கிறது. இந்த மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்றாகிய அதன் கரைமேல் காலை வெயில் ஏறுமுன் நடப்பவனுக்கு, ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் அதனால் விளையும் கழனியும், காலுக்குக் கீழே தாரில்லாத மண்ணும் வாய்க்கின்றன. புரட்டாசியில் ஏரி நிறைந்திராது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் அதை நிரப்பும். நிறையாத ஏரியிலும் காற்று உண்டு, பறவை உண்டு. நடப்பவனுக்குப் பேச்சு தானாகக் குறைந்து நாமம் தானாக வரும். அப்பால் பேரம்பாக்கத்தருகே நரசிங்கபுரத்தில் லக்ஷ்மி நரசிம்மர், கூவத்தில் திருவிற்கோலம், பிறகு காரைக்கால் அம்மையார் இறைவனுடைய திருவடிக்கீழ் இருக்கும் திருவாலங்காடு என்று, சைவ வைணவ பேதமின்றி, இளைப்பாறும் இடமெல்லாம் வணங்கும் இடமாகவே அமைந்திருக்கின்றன. கயிலையைக் காலால் மிதிக்கத் துணியாமல் தலையால் நடந்த அம்மையார் தங்கிய ஊர் என்று திருவாலங்காட்டு மண்ணையும் மிதிக்கத் தயங்கி, சம்பந்தர் அருகிலுள்ள பழையனூரில் தங்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. எந்த மண்ணில் கால் வைக்கிறோம் என்பதைப் பற்றி இத்தனை ஆழமாகச் சிந்தித்த சமுதாயம், கிளம்பும் வழியைப் பஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த விவேகம் நமக்குப் புதிதன்று. தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார், செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நேரே பெருவழியில் இறங்கிவிடாமல், முதலில் காவடிகளோடு குன்றக்குடியில் ஒன்றுகூடி, பிறகே சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று தலைமுறை தலைமுறையாக வரையறுத்த தங்கல்களில் தங்கிச் செல்கிறார்கள். ஐரோப்பாவிலும், ஸ்பெயின் தேசத்துச் சாந்தியாகோ யாத்திரையில் பலர் பிரான்ஸ் எல்லையிலுள்ள சான் ழான் என்ற ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். பிரபலமான வழி முதல் நாளிலேயே 25 கிலோமீட்டர் தூரத்தில் பிரெனே மலைத்தொடரின்மேல் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. வால்கார்லோஸ் பள்ளத்தாக்கின் வழியாக அதைவிட இலகுவான வேறொரு பாதையும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் முடிய மலைவழியை அடைத்துவிடுகிறார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கு வழியே போகவேண்டும். அதனால் யாருடைய புண்ணியமும் குறைந்ததாக அங்கே ஒருவரும் எண்ணுவதில்லை.

“யாத்திரை என்பதே கஷ்டம் சகிக்கத்தானே, சுகமான வழி எதற்கு?” என்று கேட்கும் பெரியோர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்திக்கு வணக்கம். ஆனால் தவத்தின் கஷ்டம் வேறு, லாரிச் சக்கரத்தின் அபாயம் வேறு. நகரி, புத்தூர் தாண்டிய பின்னும் பல காதம் இருக்கிறது. அலிபிரியிலிருந்து 3,500 படிகளுக்குமேல் காத்திருக்கின்றன. கஷ்டத்துக்கு அங்கே குறைவில்லை. முதல் நாளே காலைப் புண்ணாக்கிக்கொண்டு அரக்கோணத்தில் ரெயிலேறித் திரும்புவதனால் யாருக்கு என்ன பலன்?

இந்தத் தேர்வைத் தனிமனிதர் மேலே மட்டும் சுமத்திவிடுவதும் நியாயமாகாது. பழனிச் சாலையில் பாதயாத்திரை செல்வோருக்கென்று தனி நடைபாதை போட்டுத் தந்திருக்கும் அரசாங்கத்துக்கு, வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை சாலையின் ஒரு பக்கத்தில் சமன்செய்த மண்பாதை ஒன்றும், தென்னேரிக் கரையில் முள்ளை வெட்டி நடக்கத்தக்க வழியும், நெடுஞ்சாலையைக் கடக்குமிடத்தில் புரட்டாசி மாதம் மட்டுமாவது ஒரு போலீஸ்காரரும் ஏற்படுத்துவது பெரிய காரியமன்று. தொழிற்சாலைகளுக்கென்று பல வழிச் சாலைகளை விரித்த கைகள் நடப்பவனுக்கு நாலடி அகலம் ஒதுக்கலாம். நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் வழிநெடுக உள்ள ஊராட்சிகளும் ஆவணிக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். அதுவரை காத்திராமல், இந்த வருஷம் புறப்படும் குருசாமிகள் தங்கள் குழுவைத் தென்னேரி வழியாக அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.