பாப் பாட்டுக்குச் சாதி கிடையாதாம்

செங்கல்பட்டில் ஒரு கூட்டம். கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கையில் நண்பர் ஒருவர் என் சட்டைப் பையில் பென்டிரைவ் ஒன்றைச் சொருகினார். சிலோன் மனோகர் பாட்டுகளாம். நாற்பது ஐம்பது தேறும், எல்லாமே ‘ஹிட்ஸ்’. நண்பர் படித்தவர், நல்லவர், நம்ம போராட்டங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். சொன்னார்: “தோழர், எப்பப் பாத்தாலும் உங்க ஆளுங்க எழுத்துல ஒப்பாரி இல்லன்னா கோஷம். இதக் கேளுங்க. பாப் பாட்டுக்குச் சாதி கெடையாது. கேட்டா கால் தானா ஆடும்.”

கால் ஆடத்தான் ஆடுச்சு. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அந்தப் பாட்டுகளுக்கு நான் பத்து வயசிலேயே ஆடியவன். ஆனால் ‘சாதி கெடையாது’ என்ற அந்த ஒரு வார்த்தையை விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மனுஷருக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். ஏ.ஈ. மனோகரன் ஈழத்துக்காரர். இலங்கையில் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பட்டம். கடல் தாண்டி இங்கே வந்து ‘சுராங்கனி’ என்ற சிங்களப் பாட்டைத் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் பாட வைத்தார். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் அது சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. படங்களில் வில்லன் கூட்டத்தில் ஒருத்தராக நிற்பார், மேடை ஏறினால் கூட்டமே அவர் கையில். 2018 ஜனவரி 22-ல் சென்னையில் செத்துப்போனார். ஒரு மொழியின் பாட்டு இன்னொரு மொழிக்காரன் உடம்பில் ஏறுவதற்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை என்று எங்களுக்கெல்லாம் காட்டியவர். சுராங்கனிக்கு மீன் கொண்டாந்திருக்கேன் என்கிற பாட்டு அது. அம்புட்டுதான் சங்கதி. மீன் வாசம் அடிக்கிற பாட்டு. அதனால்தானோ என்னவோ கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரைக்கும் எங்க கடற்கரைப் பக்கத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

இனி சாதி இல்லாத அந்தப் பாட்டு எங்க பக்கத்தில் எப்படி ஒலித்தது என்று சொல்கிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்க ஊர். ‘ஊர்’ என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். ஊர் வேறே, நாங்க இருந்த சேரி வேறே. ஆடி மாசம் ஊரில் கூழ் ஊத்துவார்கள். மைக்செட்காரர் புளியமரத்தில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ஒன்று ஊரைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து. சேரியைப் பார்த்துக் கட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். காத்து எங்க பக்கம் திரும்பினால் சுராங்கனி வரும், திரும்பாவிட்டால் வராது. காத்துக்குச் சாதி கெடையாது என்று வேண்டுமானால் நண்பர் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொண்டிருப்பேன்.

ராத்திரி ரெக்கார்டு டான்ஸ் நடக்கும். நாங்க தூரத்தில் வரப்பு மேல் நின்று பார்ப்போம். ஊர்ப் பையன்கள் மேடைக்குக் கீழே துண்டைச் சுழற்றி ஆடுவான்கள். எங்க பெரியப்பா அதே திருவிழாவில் அம்மனுக்கு முன்னால் பறை அடித்தவர். அவர் அடிக்கு அவன்கள் ஆடுவான்கள், அவர் ஆடக் கூடாது. ஒருவாட்டி ஒரு எளந்தாரி எங்க பக்கத்திலிருந்து பாட்டு வேகத்தில் கூட்டத்துக்குள்ளே போய் ரெண்டு எட்டு வைத்துவிட்டான். மறுநாள் அவங்க ஆயாவும் நைனாவும் ஊர்ப் பெரிய மனுஷன் வாசலில் விழுந்து கும்பிட்டார்கள். அபராதம் கட்டினார்கள். எந்தப் பாட்டுக்கு ஆடினான்? சிலோன் மனோகர் பாட்டுக்குத்தான்.

பாட்டுக்குச் சாதி இல்லைதான். காலுக்கு இருக்குதே!

சரி, இங்கேதான் இப்படி, பிறந்த மண்ணில் எப்படி என்று பார்த்தால் அங்கேயும் கதை லேசானதில்லை. பைலா என்கிற அந்தத் தாளம் யாருடையது? போர்த்துக்கீசியன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஆப்பிரிக்க அடிமைகளின் தாளம் அதற்குள்ளே இருக்கிறது. காப்பிரிஞ்ஞா என்று அந்த இசைக்கே அவர்கள் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களின் வாரிசுகள் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் இன்னமும் பாடி ஆடுகிறார்கள். அடிமைகள் கையிலிருந்து பறங்கியர்களுக்குப் போய், அங்கிருந்து கொழும்பு ஓட்டல்களுக்கும் ரேடியோவுக்கும் போய், கடைசியில் ‘ஜாலியான பாட்டு’ ஆகிவிட்டது. நண்பர் கொடுத்த தொகுப்பில் பாடகர் பெயர் இருக்கிறது, அந்த ஆப்பிரிக்கர்கள் பெயர் எங்கே?

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனோகரனுக்கு முன்னோடி நித்தி கனகரத்தினம். அவருடைய ‘சின்ன மாமியே’ தெரியாத ஈழத்தமிழர் கிடையாது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லுகிற பாட்டும் அவருடையது. கேலியும் கிண்டலுமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கள்ளை இறக்கியவன் யார்? நளவர். அவரைக் கோயிலுக்குள்ளே விட்டார்களா? தேநீர்க் கடையில் உட்கார விட்டார்களா? 1966 அக்டோபர் 21-ல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டு அடி வாங்கினார்களே, 1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்றார்களே, அதே காலம்தான், அதே மண்தான் இந்தப் பொப் பாட்டுகளுக்கும். கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலை 1972-ல் கொண்டுவந்தார். பொப் பாட்டில் கள்ளு இருக்கிறது, குடிகாரன் இருக்கிறான், மாமி இருக்கிறாள். கள்ளு இறக்கியவன் மட்டும் டானியலின் நாவலில் இருக்கிறான். இதைக் குத்தம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. கேலிப் பாட்டு எழுதியவரிடம் போய் ஏன் புரட்சி எழுதவில்லை என்று கேட்பது அசட்டுத்தனம். ‘சாதி கெடையாது’ என்று சர்டிபிகேட் தருகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

இன்னொரு பக்கமும் எனக்குச் சண்டை இருக்கிறது. நம்ம பக்கத்திலேயே சிலர். பாப் என்றால் முதலாளிய நுகர்வுக் கலாச்சாரம், சீரழிவு, தலித் அழகியலுக்கு எதிரி என்று கட்டுரை எழுதுகிறவர்கள். தலித் என்றால் அழ வேண்டும், இல்லாவிட்டால் முஷ்டியை உயர்த்த வேண்டும். நடுவில் இடுப்பை ஆட்டினால் இவர்களுக்கு ஆகாது. எங்க தெருவில் பொம்பளைப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு சுராங்கனிக்கு ஆடினார்கள் தோழர்களே. நாள் முழுக்க நாற்று நட்டு விட்டு வந்த இடுப்பு. அதைச் சீரழிவு என்று சொல்ல நீங்க யார்? சந்தோஷத்தையும் ஆண்டைக்கே எழுதிக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அவர் பறை மட்டும் அடிக்கிறவரில்லை, சாவுக்குப் பாட்டும் கட்டுவார். செத்தவன் பெயரைச் சொல்லி, அவன் எந்தக் கழனியில் எத்தனை வருஷம் ஏர் ஓட்டினான், யாரிடம் எத்தனை மரக்கா நெல் கடன், எந்தப் பண்ணையாரிடம் என்ன அடி வாங்கினான் என்று அத்தனையும் வரும். நடுவே கிண்டலும் வரும், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சிரித்துவிடுவான். ஒரு ஆளுக்குக் கட்டினது அந்த ஆளுக்குத்தான். சுடுகாட்டோடு சரி. மறுபடி பாட மாட்டார். “அது அவனுதுடா, அவங்கூடப் பூடுச்சு” என்பார்.

1982 வாக்கில் சொந்தக்காரர் ஒருத்தர் மஸ்கட்டிலிருந்து டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். ஒரு சாவு ராத்திரியில் பெரியப்பா பாடினதை அறுபது நிமிஷக் கேசட்டில் பிடித்தோம். ரெண்டு பக்கமும். எங்க சேரியில் ஒரு குரல் பதிவானது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் சிலோன் மனோகர் கேசட் வைத்திருந்தான். ஒரு நாள் இரவல் கொடுத்தான். என்னிடம் வெறுங்கேசட் வாங்கக் காசு இல்லை.

பெரியப்பா பாட்டு மேலேயே சுராங்கனியைப் பதித்தேன். நானேதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

எதை அழிக்கிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் அது சாவுப் பாட்டு, கேவலம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டுவிடுவான்களோ என்று பயம். இது பாப், இங்கிலீஷ் மாதிரி, கௌரவம். எது பாட்டு எது பாட்டில்லை என்று ஊர் போட்ட கணக்கை நான் மனப்பாடம் பண்ணியிருந்தேன். பெரியப்பாவிடம் சொன்னபோது திட்டவில்லை. “அந்தப் பாட்டும் நல்லாத்தானே கீது” என்றார். அதுதான் இன்னிக்கு வரைக்கும் அறுக்கிறது.

‘ஹிட்ஸ்’ தொகுப்பு என்கிற சமாசாரத்தையே இதற்குப் பிறகு என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பாட்டு ஹிட் ஆக வேண்டுமென்றால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்க கேசட் வேண்டும், கேசட்டுக்குக் கடை வேண்டும், ரேடியோ வேண்டும். ஒரே ஒரு பிணத்துக்காக ஒரே ஒரு ராத்திரி பாடுகிற பாட்டு எந்தக் காலத்தில் ஹிட் ஆகும்? ஆகாது. ஆனால் அதன் மெட்டை எடுத்துக்கொண்டு போகலாம். சென்னைக் குடிசைகளில் சாவு வீட்டில் பிறந்த கானாவுக்கு அதுதான் நடந்தது. 1990களில் சினிமாவில் கானா இல்லாத படம் கம்மி. கானா ஹிட்ஸ் என்று கடையில் கேசட் தொங்கியது. அதில் இசையமைப்பாளர் படம், கதாநாயகன் படம். சுடுகாட்டில் பாடினவன் படம் இல்லை. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் வாளமீன் கல்யாணப் பாட்டை கானா உலகநாதன் தானே பாடித் தானே திரையில் நின்றது அதனால்தான் பெரிய விஷயம். அதுவும் மீன் பாட்டுதான், பாருங்கள். சுராங்கனிக்கு ஆடினவர்களில் எத்தனை பேர் இதைக் குப்பத்துப் பாட்டு, லோக்கல் பாட்டு என்று முகம் சுளித்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

பறைக்கும் இதே கதைதான். 1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட நம் மக்களை போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதின அறிக்கையால் கிடைத்த நிலத்தை நூறு வருஷம் கழித்துத் திருப்பிக் கேட்டதற்குக் குண்டு. அதற்குப் பிறகு எங்க சேரியில் கூட்டம் போட்டு, இனிமே ஊர்ச் சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பெரியப்பா பறையைப் பரணில் ஏற்றிவிட்டார். சரியான முடிவு, இப்போதும் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் ஒரு போகம் கழனி வேலைக்குக் கூப்பிடவில்லை. தாங்கினோம். ரெண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். அவர் சாவுக்கு அடிக்க ஆள் இல்லை, அவருக்குப் பாட்டுக் கட்ட யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குக் கல்லூரி விழாக்களில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பறை அடிக்கிறார்கள். நல்லதுதான், கைதட்டுகிறேன். ஆனால் அடியைச் சொல்லிக்கொடுத்த ஆள் பெயரை மைக்கில் ஒரு தடவை சொல்லிவிட்டு அடித்தால் என்ன?

மாசி மகத்தன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். சுத்துப்பட்டு மாவட்டங்களிலிருந்தெல்லாம் இருளர்கள் வந்து புடவையாலும் குச்சியாலும் குடில் போட்டுத் தங்கியிருப்பார்கள். ராத்திரி பூரா கன்னியம்மாவுக்குப் பாட்டு. விடியற்காலையில் அலைக்குப் பக்கத்தில் கல்யாணம். கேமராக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கொஞ்ச தூரத்தில் ரிசார்ட் வெளிச்சம், அங்கேயும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், சமயத்தில் சுராங்கனியே ஓடும். தட்டு ஏந்துகிற பையன் எங்க பக்கத்துப் பையனாக இருப்பான். படம் பிடிக்கிறவர்களில் ஒருத்தராவது அந்தப் பாடுகிற கிழவியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

மனோகரன் செத்ததற்குப் பதினாறு நாள் முன்னால், 2018 ஜனவரி 6-ல், கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பிள்ளைகள் முதல் மேடை ஏறினார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக. அதில் பாடின இசைவாணி ஆம்பிளைகளே ஆண்டுகொண்டிருந்த கானாவில் ஒரு பொண்ணு குரலைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவின் பெயர் அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்பதிலிருந்து வந்தது. நண்பரே, ‘சாதியற்ற’ என்பதை நீங்களும் சொல்கிறீர்கள், அவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது இன்னும் வராத ஒன்றை. நீங்களோ அது வந்துவிட்டது, உட்கார்ந்து ரசிக்கலாம் என்கிறீர்கள்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை, நானும் கேட்பேன். பதிலுக்கு ஒன்று தருகிறேன். அந்தப் பழைய கேசட் என்னிடம் இருக்கிறது. இரவல் கேசட் சிறியது, அதனால் ரெண்டாம் பக்கத்தில் மனோகர் முடிந்த பிறகு பழைய பதிவு கொஞ்சம் தப்பியிருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. பெரியப்பா இருமுகிறார், யாரோ தண்ணி கேட்கிறார்கள், ‘கெணத்துமேட்டுக் கழனி’ என்று ஒரு வார்த்தை, அப்புறம் நாலு அடி பறை. கேட்க விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம். வரும்போது டேப்ரிக்கார்டர் ஒன்று கொண்டு வாருங்கள். எங்களுடையது ரிப்பேர்.