செவ்வாய்க்கிழமைச் செய்திகள்



பத்திரிகை வாசிப்பதில் எனக்கொரு பழக்கம் உண்டு. ஒரே நாளில் வந்த செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். தனித்தனியே வாசிக்கும்போது தெரியாத சில விடயங்கள் அப்போது தெரியும். இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டது 2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் அதையொட்டிய நாட்களிலும் வந்த நான்கு செய்திகளைப் பற்றி உங்களோடு கதைக்கப் போகிறேன்.

பெரிய எழுத்தில் வந்தது பொலிஸ்மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் பதவி நீக்கப்பட்ட செய்தி. பாராளுமன்றத்தில் ஆதரவாக 177 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை. ஒரு பொலிஸ்மா அதிபரைப் பாராளுமன்றமே வாக்களித்து நீக்கியது இதுதான் முதல் தடவை. நல்லது. ஆனால், எங்களுக்குப் பொலிஸ் என்றால் கொழும்பிலிருக்கும் பெரியவர் அல்லவே. முறைப்பாடு எழுத வாங்கில் காத்திருக்கும்போது, “புருசனோட சமாதானமாப் போங்கோ” என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்தான் எங்களுக்குப் பொலிஸ். அவரை நீக்க 177 பேர் கை உயர்த்தப் போவதில்லை. அங்கே போகிறவர்கள் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் எழுந்து வரவேண்டாம்.

இரண்டாவது, அமெரிக்கா போட்ட வரி. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்தார்கள். ஜூலையில் அது 30 ஆனது. பிறகு 20 ஆகக் குறைந்து ஓகஸ்ட் 7 இலிருந்து நடைமுறைக்கு வந்தது. வணிகப் பக்கத்தில் இதை வெற்றி என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்களவு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. ஆகவே 44 உடன் பார்த்தால் 20 ஆறுதல்தான். ஆனால், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விடியப்புறம் கொம்பனி பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு இது எப்படி வந்து சேரும்? வரியைக் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர். அவர் அந்தச் சுமையை இங்கே உள்ள முதலாளியிடம் விலை குறைக்கச் சொல்லி இறக்கப் பார்ப்பார். முதலாளி அதை மணித்தியாலக் கணக்கில் இறக்கப் பார்ப்பார். “ராகெற்” கூடும், ஓவர்டைம் குறையும். பத்திரிகைகள் எழுதாத கணக்கு இது.

மூன்றாவதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வீடு, வாகனம், செயலாளர் கொடுப்பனவு முதலியவற்றைக் கொடுத்துவந்த 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் பிரேரணை பற்றிய செய்தி அது. செப்டெம்பர் 10 ஆம் திகதி அது நிறைவேறியும் விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால், விதவை என்ற சொல் ஒரு சட்டத்தில் வீட்டையும் வாகனத்தையும் கொடுத்திருக்கிறது, எங்கள் வாசலில் வரும்போது விதானையாரின் கடிதம், மரணச் சான்றிதழ், அதன் பிரதி, பிரதியின் பிரதி என்றல்லவா கேட்டிருக்கிறது. அதிலும், புருசன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவள் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்கமாட்டாள். 2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின் பிறகுதான் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழை எடுக்க வழி வந்தது. இன்னும் அதை அறியாத சகோதரிகள் இருக்கிறார்கள். “செத்துப்போனார் எண்டு கையெழுத்து வை” என்று யாராவது வற்புறுத்தினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது செய்திக்கு வருகிறேன். இதை எழுதத்தான் மற்ற மூன்றையும் வேகமாகச் சொல்லி முடித்தேன்.

அதே செவ்வாய்க்கிழமை பிற்பகல், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியெடுக்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் சனங்கள் அடையாளம் காண்பதற்காக வைத்தார்கள். 2025 பெப்ரவரியில் அங்கே தகன மேடை கட்டக் கிடங்கு வெட்டியபோது எலும்புகள் வந்தன. மே மாதம் நீதிமன்றக் கட்டளையுடன் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 240ஐ எட்டியது. குழந்தைகளுடையவையும் உண்டு. நீல நிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, பாற்போத்தல், காப்பு, செருப்பு என்று பட்டியல் நீண்டது.

எங்கள் பக்கத்து வளவு அக்காவின் மகனை 1996 இல், இடம்பெயர்ந்து திரும்பி வந்த சில மாதங்களில், பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. பார்க்கப் போகச் சொல்லிச் சிலர் வந்து கேட்டார்கள். அக்கா போகவில்லை. “தாய்க்கு இவ்வளவுதானா?” என்று ஒருத்தி சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. போனவர்களும் தாய்மார்தான், போகாதவளும் தாய்தான். மக்கிப்போன ஒரு சேர்ட்டின் முன் நின்று, படம் எடுப்பவர்களின் நடுவில் அதைப் பார்ப்பது என்பது எல்லோராலும் முடியாது. முடியாதென்றால் வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். துணியைக் கண்டு மனம் சொல்வது ஒன்று, நீதிமன்றம் ஏற்பது இன்னொன்று. மன்னாரில் 2018 இல் தோண்டிய புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அங்கிருந்து எத்தனையோ பேர் நம்பிக்கையோடும் பயத்தோடும் காத்திருந்தார்கள். 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடத்திலிருந்து வந்த அறிக்கை, அனுப்பிய மாதிரிகள் 15 ஆம் நூற்றாண்டுக்கும் 17 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. செம்மணியில் கிடைத்த பையும் செருப்பும் எங்கள் காலத்தவை, ஆகவே அந்தக் கதை இங்கே பொருந்தாது என்பது என் எண்ணம். என்றாலும், இன்னார் என்று சொல்ல மரபணுப் பரிசோதனை வேண்டும். அதற்கு உறவினரின் இரத்தமோ உமிழ்நீரோ வேண்டும். தாய்மார் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

அக்காவோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் செய்யலாம். என்ன நிறம் என்பதைவிட எலும்பும் பல்லும்தான் அங்கே பேசும். உயரம், பிடுங்கிய பல், அடைத்த பல், முன்பல்லில் இடைவெளி, எப்போதாவது முறிந்த கை கால், உடம்பில் இருந்த செல் துண்டு, கடைசியாக உடுத்தியிருந்தது, வீட்டில் தைத்ததா கடையில் வாங்கியதா, கூடப் பிறந்தவர்கள் இப்போது எங்கே. வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசி இலக்கத்தோடு எழுதுங்கள்.

அக்கா முதலில் எதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து சொன்னா: “ஏழு வயசில மாமரத்தால விழுந்து வலக்கை முறிஞ்சது. பத்துப் போட்டுக் கட்டினது. கொஞ்சம் வளைஞ்சுதான் பொருந்தினது.” அதை அப்படியே எழுதி, கீழே திகதியும் போட்டு வைத்திருக்கிறேன்.