கண்ணுக்கேற்ற கண்

வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால், நம் ஜூ டவுனில் 1568-இல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். தரையில் பதித்திருக்கும் நீல நிறச் சீன ஓடுகளைக் காட்டி, "எல்லாம் கையால் தீட்டியவை. ஒன்றைப் போல் இன்னொன்று இராது" என்று பெருமையடிக்கிறோம். மனிதரின் கண்ணும் அப்படித்தானே! அப்படியிருக்க, கண்ணை இழந்தவருக்கு மட்டும் பெட்டியிலிருந்து ஏதோ ஒரு ரெடிமேட் கண்ணை எடுத்துப் பொருத்தி அனுப்புவது முறையா?

நம் சங்கக் குடும்பம் ஒன்றில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். சிறு வயதில் ஒரு கண் போயிற்று. பொருத்திய கண்ணின் நிறமும் ஒவ்வவில்லை, சரியாக அசையவுமில்லை. பொங்கல் விழாவில் குழுப் படம் எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அளவெடுத்துச் செய்த கண் வந்தது. இவ்வாண்டுப் படத்தில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள்!

கண்குழியை அச்செடுத்து, அக்ரிலிக்கில் வார்த்து, மறு கண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் கலை இது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கண்ணாடிக் கண்கள் வருவது நின்றபோது, அமெரிக்க இராணுவப் பல் தொழில்நுட்பர்கள் பல்செட் செய்யும் பொருளிலேயே கண் செய்து காட்டினார்கள். இன்று கணினியும் கைகொடுக்கிறது. 2021 நவம்பரில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் ஒருவருக்கு முப்பரிமாண அச்சில் உருவான கண்ணைப் பொருத்தினார்கள். குழியையும் மறு கண்ணையும் கருவி படம்பிடித்துக்கொள்ள, ஆறு வார வேலை இரண்டு மூன்று வாரமாகக் குறையும் என்றார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இந்தக் கண் பார்க்காது. பார்வை தரும் 'மின்கண்' என்று பேசப்பட்ட ஆர்கஸ்-2, விழித்திரையில் சில்லு பதித்து ஒளிப்பொட்டுகளை மட்டுமே காட்டியது. 2019-இல் அதன் தயாரிப்பும் நின்றது. பொருத்திக்கொண்டவர்கள் பழுது பார்க்க ஆளின்றித் தவித்தார்கள்.

எனவே, "விஞ்ஞானம் வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெற்றோர் காத்திருப்பது தவறு என்பேன். செயற்கைக் கண் இல்லாமல் விட்டால், குழந்தையின் கண்குழி சரியாக வளராது. வளர வளரக் கண்ணையும் மாற்றித் தர வேண்டும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் அளவெடுத்தே கண் செய்கிறார்கள். ரெடிமேட் கண்ணைக் கொடுத்தால், "அளவெடுத்துச் செய்ய முடியுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வழிச்செலவுக்கு வசதியில்லாத குடும்பத்துக்கு நம் சங்கம் உதவினால் என்ன? ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு சிறு பங்கு போதுமே. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம், வாருங்கள்!