முதுபாணனைக் காணச் செல்வோர்க்கு

நெடுநாள் நேசித்த பாடகர் ஒருவரை நேரிற் காணச் செல்பவன் யாரைக் காண விரும்பிச் செல்கின்றான்? மேடைமேல் நிற்பவரையா, தன் நெஞ்சில் நிற்பவரையா? இருவரும் ஒருவரேயாயின் வழக்கொன்றும் இல்லை. பாடகர் முதுமையெய்தியவிடத்தோ இருவரும் வேறாய் நிற்றலே பெரும்பான்மை. அவ்வேறுபாட்டைக் கண்டு இரசிகன் சினத்தல் முறையாகுமா என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்தது. இதற்கு அமெரிக்க ராக் இசைவாணராகிய பாப் டிலனை எடுத்துக்கொள்கின்றேன். அவர்பால் எனக்குள்ள பற்றை நம் விடுதியில் அறியாதார் இலர். ஆதலின் நடுவுநிலை பிறழ்ந்தேன் என்று எவரும் புதிதாகக் கண்டுபிடித்துக் கூற வேண்டுவதில்லை.

2024-ஆம் ஆண்டின் இறுதியில் ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ என்னும் திரைப்படம் வெளிவந்த பின்னரே நம் மாணவரிற் பலர் டிலன் பெயரைக் கேள்வியுற்றனர். அம்மட்டில் அப்படம் நன்மையே செய்தது. ஆயினும், அது 1965-ஆம் ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவோடு முடிந்துவிடுகின்றது. அந்நாளில் அவர்க்கு அகவை 24. 1941-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் மினசோட்டா மாகாணத்து டுலூத் நகரிற் பிறந்தவர், எண்பது வயதைக் கடந்த பின்னும் ஊர் ஊராகச் சென்று பாடினார் என்று யான் சொன்னபொழுது நண்பர் சிலர் வியந்தனர், ஒருவர் நகைத்தார். “குரலுடைந்த கிழவரைக் காண்பதற்கு ஆறு மாதத்து விடுதிப் பணத்தைக் கொடுப்பாயோ?” என்றார். கையில் இருந்தாற் கொடுப்பேன் என்றேன். என் தாய்மாமன் எங்கள் வீட்டில் விட்டுச்சென்ற ஒலிநாடாப் பெட்டியின் வாயிலாகப் பன்னிரண்டாம் அகவையில் அவர் குரலைக் கேட்கத் தொடங்கிய யான், அவரை இன்னும் நேரிற் கண்டேனல்லேன். காண்டற்குரிய நாள் வாய்க்குமாயின் எதனை எதிர்நோக்கிச் செல்வேன் என்பதைப் பன்முறை எண்ணியிருக்கின்றேன்.

இரசிகர்க்கும் டிலனுக்கும் உள்ள பிணக்கு முதுமையில் தோன்றியதன்று; அவருடைய இளமையிலேயே தோன்றியது. 1965 ஜூலை 25-ஆம் நாள், கைக்கிதாரும் வாய்க்கருவியுமே துணையாகப் பாடிவந்த அவர், நியூபோர்ட் மேடையில் மின்கிதாரோடும் ஒரு வாத்தியக் குழுவோடும் தோன்றினார். கூட்டத்திற் சிலர் கூச்சலிட்டனர். ஒலியமைப்பின் குறையாற் கூவினர் என்பாரும், நிகழ்ச்சி குறுகியதாற் கூவினர் என்பாரும் உளர். மின்கருவியைப் பொறாது கூவினார் சிலரேனும் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. மறு ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஃபிரீ டிரேடு மண்டபத்தில் இது முற்றியது. முற்பகுதியில் தனித்துப் பாடியவர் பிற்பகுதியில் மின்கருவிகளோடு வரவே, கூட்டத்தினின்றும் ஒருவர் “யூதாசே!” என்று கூவினார். டிலன் அதனைத் தாம் நம்பவில்லையென விடையிறுத்து, உடனிருந்தோரை உரக்க வாசிக்கப் பணித்து, ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்னும் பாட்டைத் தொடங்கினார். திரைப்படமோ இக்கூவலை நியூபோர்ட்டிற்கே மாற்றி அமைத்துக்கொண்டது. கதைக்கு அது வசதியாயிற்று போலும்.

அச்சொல்லின் கொடுமையை வேதம் பயிலும் இக்கல்லூரியில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்று மாத்திரம் கூறுவேன். பழைய யூதாஸ் காசு வாங்கியவன். மான்செஸ்டரிற் கூவியவரோ காசு கொடுத்தவர். கொடுத்த காசுக்குப் பாடகரின் பாட்டை மட்டுமேயன்றி அவருடைய நேற்றைய உருவத்தையும் விலைக்கு வாங்கிவிட்டதாக அவர் எண்ணினார். அவ்வெண்ணம் இன்றளவும் அழியவில்லை. வேடிக்கை யாதெனின், அன்று எந்தப் பாட்டைப் பாடியதற்காக இகழ்ந்தனரோ, அதே பாட்டைப் பாடாமைக்காகப் பிற்காலத்தார் குறைகூறுகின்றனர்.

1979-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் அணுக்கமானது. அவ்வாண்டு கிறிஸ்தவ நம்பிக்கையைப் பாடும் ‘ஸ்லோ டிரெயின் கமிங்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டு, நவம்பர் முதல் நாள் தொடங்கிச் சான்பிரான்சிஸ்கோ நகரத்து வார்ஃபீல்ட் அரங்கில் 14 இரவுகள் பாடினார். புதிய சமயப் பாடல்களன்றிப் பழைய பாட்டு ஒன்றும் பாடவில்லை. முன்னர்க் கைதட்டியோர் பலர் முகஞ்சுளித்தனர். நம்மவருள் இவ்வரலாற்றை விருப்போடு எடுத்துக் கூறுவோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள், அன்று கூவினவர்களைக் கடிகின்றனர். ஆனால் அதே டிலன் பிற்காலத்தில் வேறு பொருள்களைப் பாடத் தொடங்கியமைக்கு வருந்துகின்றனர். இஃது எவ்வாறு பொருந்தும்? நமக்கு உவந்த திசையிற் செல்லும்பொழுது பாடகனுக்கு உரிமை உண்டு, உவவாத திசையிற் செல்லும்பொழுது உரிமை இல்லை என்பது வார்ஃபீல்ட் அரங்கிற் கூவியவரின் கட்சியேயன்றி வேறன்று.

இனி, முதுமைக்கால நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். 1988 ஜூன் 7-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள கான்கார்டு என்னும் ஊரிலே தொடங்கிய பயணத்தை இரசிகர் ‘முடிவிலாப் பயணம்’ என்றே வழங்கினர். மூவாயிரத்திற்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் அதில் நடந்தேறின. 2020-இல் ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. அப்பெயராலேயே 2021-இல் அடுத்த பயணம் தொடங்கிற்று. 2022 அக்டோபரில் இலண்டன் பல்லேடியம் அரங்கிற் பாடியபொழுது அவர் பெரும்பாலும் ஒரு பியானோவின் பின்னேயே இருந்தார். புதிய தொகுப்பிலுள்ள பத்துப் பாட்டுகளுள் ஒன்பதைப் பாடினார். பழையவற்றுட் சிலவற்றையே சேர்த்தார். ‘புளோயிங் இன் த விண்ட்’ இல்லை; ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ இல்லை. பாடிய பழைய பாட்டுகளும் உருமாறியிருந்தன; இரண்டாம் அடி வருமளவும் இன்ன பாட்டென்று அறிதல் அரிது என்பது பல்லாண்டுகளாகவே அவருடைய நிகழ்ச்சிகளைப்பற்றி வழங்கும் பேச்சு.

இம்மாற்றத்தைக் குறையென்பார், இசைத்தட்டே மூலம், மேடையில் நிகழ்வது அதன் படி என்று கொள்கின்றனர். டிலன் இதனை ஒருநாளும் ஒப்பியதில்லை. 1975-இல் வெளிவந்த ‘டாங்கிள்டு அப் இன் புளூ’ என்னும் பாட்டை எடுத்துக்கொள்க. மேடைதோறும் அதன் சொற்களை மாற்றினார். தன்மையிற் சொன்னதைப் படர்க்கையிற் சொன்னார். 1984-ஆம் ஆண்டின் ‘ரியல் லைவ்’ தட்டில் நிகழ்ச்சிகளையே பெரிதும் மாற்றிப் பாடியுள்ளார். ஓர் ஏட்டிற்குப் பல பாடங்கள் உண்டென்பது தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. எனினும், ஏட்டுப் பாடபேதம் பெரும்பாலும் எழுதினோர் கைப்பிழையாலும் செல்லரித்தலாலும் உண்டாவது. இங்கோ ஆசிரியரே உயிரோடிருந்து, ஐம்பதாண்டாகத் தம் நூலுக்குத் தாமே பாடபேதம் செய்துவந்திருக்கின்றார். இவற்றுள் எது மெய்ப்பாடம் என்று கேட்டல் வீண். நம் சங்கீத சபைகளில் ஒரே கீர்த்தனத்தை நேற்றுப்போலவே இன்றும் நிரவல் செய்யும் வித்துவானை, ‘கற்பனை வற்றியது’ என்கின்றோம். மேல்நாட்டு முதியவர் மாற்றிப் பாடினால் மட்டும், ‘பாட்டைக் கெடுத்தார்’ என்பானேன்?

இதற்கு வலிய தடை ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆண்டுக்கொருமுறை கேட்கும் வாய்ப்புடைய செல்வர்க்கு மாற்றம் சுவையாகலாம். வாழ்நாளில் ஒருமுறையே வரக்கூடியவன், கடன் வாங்கி நுழைவுச்சீட்டுப் பெற்று, தன் இளமைத் துயரை ஆற்றிய அந்த ஒரு பாட்டைக் கேட்கவென்றே வந்தவன், அதனைக் கேளாதே வீடு திரும்புதல் கொடிதன்றோ? கொடிதே. அவன் கண்ணீரை நகையாடுவார் இசையறிந்தாரல்லர். ஆனால் அவனுக்குப் பாடகர் கடமைப்பட்டது எவ்வளவு? என்ன பாடப்போகின்றார் என்பதை மறையாமல் அறிவித்தல் ஒன்று. பாடுவதைக் கருத்தூன்றிப் பாடுதல் மற்றொன்று. புதிய தொகுப்பின் பெயரே விளம்பரத்தில் எழுதியிருந்தது; ஆகவே ஏமாற்று இல்லை. இருபதாம் வயதிற் பாடியதை எண்பதாம் வயதிலும் அவ்வாறே பாடித் தீர வேண்டும் என்னும் மூன்றாவது கடமையை யான் எங்கும் கண்டிலேன். அவனுடைய துயரை ஆற்றிய பாட்டு அவன் வீட்டில் இசைத்தட்டில் மாறாது இருக்கின்றது. மேடையில் இருப்பவரோ மாறாதிருக்க மாட்டார்.

குரலைப்பற்றிய குறை வேறு வகையினது. டிலன் குரல் முதிர்ந்தது மெய், கரகரத்தது மெய், மேலேறிச் செல்லும் இடங்களிற் பாடாது பேசிவிடுவதும் மெய். 1997-ஆம் ஆண்டில் இருதயத்தைச் சூழ்ந்த உறையில் நோய்த்தொற்று ஏற்பட்டு மருத்துவமனையிற் கிடந்தவர், அவ்வாண்டு செப்டம்பரிலேயே இத்தாலியிற் போலோனா நகரில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் முன்னிலையிற் பாடினார். அம்மாதத்தின் இறுதியில் வெளிவந்த ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ தொகுப்பிற் கேட்பது நோயால் மெலிந்த குரலென்று சிலர் கருதினர். உண்மையில் அது நோய்க்கு முன்னரே பதிவாகியது. காது, தான் அறிந்த செய்திக்கேற்பவே கேட்கின்றது போலும்! அக்குரலிற் சாவைப்பற்றிய பாட்டைக் கேட்கும்பொழுது எனக்குண்டாகும் நடுக்கம் அவருடைய இருபதாம் வயதுக் குரலில் உண்டாவதில்லை. இளைஞன் மூப்பைப் பாடினால் திறமை என்போம். மூத்தோன் பாடினால் வாயடங்கி இருப்போம்.

முதியோர் எல்லோரும் டிலனைப்போலவே நடத்தல் வேண்டும் என்று யான் கூறவரவில்லை. 1942-இற் பிறந்த பால் மக்கார்ட்டினி தம் கூட்டத்தாரின் பழைய பாட்டுகளை அவர்கள் விரும்பும் வண்ணமே பாடி, அவர்களையும் உடன் பாடச் செய்கின்றவர். 2022 ஜூன் மாதத்தில் கிளாஸ்டன்பரி விழாவில், 1969-ஆம் ஆண்டு கூரைமேடையில் எடுத்த படத்திலிருந்து மறைந்த ஜான் லென்னனின் குரலைப் பிரித்தெடுத்து, அதனோடு தாமும் சேர்ந்து பாடினார். அதனைப் படத்திற் கண்டபொழுதே என் கண் கலங்கிற்று. அது விருந்தோம்பல், அதற்குரிய பெருமை அதற்குண்டு. ஆயினும், அங்கும் என்னைக் கலங்கச் செய்தது பழமை மாறாமையன்று. ஒருவர் குரல் 1969-இலேயே நின்றுவிட, மற்றவர் குரல் எண்பதை எட்டி நடுங்கியதே.

கைப்பேசியைப்பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு இங்கிலாந்து நிகழ்ச்சிகளில், வந்தோர் அனைவரும் தத்தம் கைப்பேசியைப் பூட்டிய பையொன்றில் இட்டு வைத்திருக்கப் பணிக்கப்பட்டனர். நிகழ்ச்சி முடிந்த பின்னரே திறக்கலாம். இதனைக் கொடுங்கோன்மை என்றோரும் உண்டு. கொள்கையளவில் யான் டிலன் பக்கமே. ஆயிரம் பேர் ஆயிரம் கண்ணாடிச் சில்லைத் தூக்கிப் பிடித்தால், பின்னிருப்பவன் காண்பது சில்லையே. எனினும், என் நிலை இதில் இரண்டுபட்டதே. மேல்நாட்டு அரங்குக்குச் செல்ல வழியற்ற என் போன்றோர்க்கு, யாரோ மறைத்துவைத்துப் பதிந்த ஒலியே சோறு. மான்செஸ்டர் நிகழ்ச்சியும் 1998-இல் முறையாக வெளிவருமுன் பல்லாண்டுகள் திருட்டுத் தட்டாகவே உலவிற்று. அதிலும் அது இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்து நிகழ்ச்சியெனப் பெயர் மாறியிருந்தது. அத்திருட்டு இல்லையேல் யூதாஸ் என்ற கூவலை உலகம் கேட்டிருக்குமா என்பது ஐயமே. ஆதலின் பூட்டுப்பையை வாழ்த்திக்கொண்டே, அதற்குத் தப்பிய பதிவை இரவில் விளக்கணைந்த பின் காதிற் பொருத்திக்கொள்கின்றேன். நண்பர் இதனை முரண்பாடு என்பர், என்க.

‘அவ்வளவு தொலைவு சென்று, நீ விரும்பிய பாட்டை அவர் பாடாதொழிந்தால் என் செய்வாய்?’ என்று அந்நண்பர் மீண்டும் வினவினார். 1981-இல் வெளிவந்த ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்’ என்னும் பாட்டையே பல்லேடியத்தில் இறுதியாகப் பாடினார் என்றும், அதற்கு முன்வந்த புதிய பாட்டுகள் ஒன்பதையும் யான் முன்னமே நெட்டுருச் செய்துவிட்டேன் என்றும் விடை கூறினேன்.