வீடு நிறைய ஆள் இருந்தும் தனிமை: புற்றுநோயாளிகளின் மனசுக்கு யார் மருந்து தருவது?

திண்டுக்கல், நத்தம், வேடசந்தூர் பக்கத்தில் ஒருவருக்கு புற்றுநோய் என்று தெரிந்தால், அடுத்த பேச்சு பெரும்பாலும் மதுரை பற்றித்தான். அரசு ராஜாஜி மருத்துவமனையின் பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய் வருவது, காப்பீட்டு அட்டை, ஸ்கேன், கீமோ தேதி என்று வீடே ஓடும். இந்த ஓட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ‘உங்க மனசு எப்படி இருக்கு?’

கூட இருக்க ஆள் இருந்தும் ஏன் தனிமை?

முதல் காரணம், மறைப்பது. ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்’ என்று குடும்பத்தினர் கேட்டுக்கொள்வது நம் ஊரில் சகஜம். நோயாளிக்கோ பல நேரம் விஷயம் புரிந்துவிடுகிறது. பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் காட்டிக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் நடிக்க, மனசு விட்டுப் பேச ஆளே இல்லாமல் போகிறது.

இரண்டாவது, தவறான பயம். புற்றுநோய் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. ஆனாலும் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் இருக்கின்றன.

மூன்றாவது, சிகிச்சையே போடும் வேலி. கீமோவில் எதிர்ப்பு சக்தி குறையும்போது கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா, முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் அன்னதானம், பேகம்பூர் பள்ளிவாசல் தொழுகை, சொந்தக்காரர் கல்யாணம் என எல்லாமே கொஞ்ச நாளைக்கு நின்றுபோகும். நின்றுபோவது ஊரோடு இருந்த உறவும்தான்.

ஆன்மிக நலம் என்றால் பக்தியா?

பக்தி அதில் ஒரு பகுதி மட்டுமே. ‘எனக்கு ஏன் வந்துச்சு? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? இனி நான் யாருக்குப் பிரயோஜனம்?’ போன்ற கேள்விகளோடு ஒருவர் சமாதானமாக இருக்க முடிகிறதா என்பதே விஷயம். சாமி கும்பிடாதவருக்கும் இந்தக் கேள்விகள் வரும்.

லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு நோயாளியின் ‘முழு வலி’ என்றார். உலக சுகாதார நிறுவனம் தரும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கான விளக்கத்திலும் ஆன்மிகம் இடம்பெற்றிருக்கிறது.

நம்பிக்கை பலருக்குத் தெம்பு தருகிறது. அதே நம்பிக்கையின் பெயரில் ‘போன ஜென்மத்து பாவம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை, நோயைவிட அதிகம் வலிக்கும்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். வீட்டுக்கு வரும் செவிலியர் புண்ணுக்கு மருந்து கட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். உட்கார்ந்து கேட்க நேரம் எங்கே?

பக்கத்துக் கேரளம் இதற்கு வேறு வழி கண்டது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அந்தந்த ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து நோயாளி வீட்டுக்குப் போய்ப் பேசுகிற அமைப்பாக வளர்ந்தது. 2008-ல் அந்த மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கிற நம் ஊரில் இது முடியாத காரியமா?

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க’ என்று சொல்லிப் பேச்சை முடிக்காதீர்கள். ‘என்ன யோசிச்சுக்கிட்டு இருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். காய் நறுக்குவது, பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்வது என்று அவரால் முடிகிற வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போக ஆசைப்பட்டால், கூட்டமில்லாத நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக் கூட்டிப் போங்கள்.

தூக்கமில்லாமல், பேச்சில்லாமல், சாப்பாடு வேண்டாம் என்று நாட்கள் நீண்டால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் அதே எண்தான்.